ஒரு நம்பர்ல போச்சு

திருநெல்வேலியில் ஒரு மனநல மருத்துவர் என் தம்பியிடம் அவனுடைய சூதாட்டத்தைப் பற்றி ஒன்பது கேள்விகள் கேட்டார். கடந்த ஒரு வருடத்தை மட்டும் மனதில் வைத்துப் பதில் சொல்ல வேண்டும். இல்லவே இல்லை என்றால் 0, எப்போதாவது என்றால் 1, அடிக்கடி என்றால் 2, ஏறக்குறைய எப்போதுமே என்றால் 3. ஏழாவது கேள்வி வரைக்கும் நான் சுவரில் தொங்கிய காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டாவது கேள்வி: "நீங்க ஆடுனதால உங்களுக்கோ வீட்டுக்கோ பண நெருக்கடி வந்துச்சா?" தம்பி, "எப்பவாச்சும்" என்றான்.

"எப்பவாச்சுமாலே?" என்று கேட்டுவிட்டேன். அன்றைக்கு என் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும்தான் கிடந்தது. ஐந்து பவுன் தாலிச்செயின் கூட்டுறவு வங்கியில் இருந்தது. மருத்துவர் என்னைப் பார்த்து, "கொஞ்சம் வெளிய உக்காருங்கம்மா" என்றார்.

இது 2022 மே மாதம். தம்பிக்கு வந்த மொத்தம் 19. அதிகபட்சம் 27 வரை போகலாம், 8-ஐத் தொட்டாலே பிரச்சினை என்று கணக்கு. அந்தக் கேள்வித்தாள் 2001-இல் கனடாவில் தயாரானது என்பதெல்லாம் பின்னால் நான் படித்துத் தெரிந்துகொண்டது. அன்றைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தபோது எனக்கு ஓடிய யோசனை வேறு. இதே ஒன்பது கேள்வியை அப்பாவிடம் கேட்டிருந்தால்? மனதுக்குள் அவருக்காக நானே பதில் சொல்லிக் கூட்டினேன். 14 வந்தது.

நான் செங்கோட்டையில் ஒரு மர டிப்போவில் கணக்கு எழுதுகிறேன். கன அடி, வரவு, பாக்கி இவைதான் எனக்குத் தெரிந்த உலகம். மனோதத்துவம் படித்தவள் இல்லை. ஆனால் அந்த மே மாதத்துக்குப் பிறகு இரவு பத்து மணிக்கு மேல், வீட்டில் எல்லோரும் படுத்தபின், சூதாட்டம் பற்றிய ஆராய்ச்சிக் கட்டுரைகளைக் கைபேசியில் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். இங்கிலீஷ் பாதி புரியும், மீதிக்கு மொழிபெயர்ப்புச் செயலி. சில நாள் அது தரும் தமிழைவிட மூல இங்கிலீஷே தேவலாம் என்றிருக்கும்.

அப்பாவிடமிருந்து தொடங்குகிறேன். மர அறுவை மில்லில் வேலை, சனிக்கிழமை கூலி. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து சனிக்கிழமை சாயங்காலம் அவர் சட்டைப்பையில் ஐந்து லாட்டரிச் சீட்டு இருக்கும். அப்போது பஸ் ஸ்டாண்டு முழுக்க லாட்டரிக் கடைதான். பூட்டான், சிக்கிம், நாகாலாந்து என்று நாங்கள் பார்க்காத ஊர்களின் பெயரெல்லாம் எங்களுக்கு லாட்டரிச் சீட்டில்தான் அறிமுகம். அரசாங்கமே 1968-இல் தொடங்கி நடத்திய சீட்டும் உண்டு. "விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு" என்று பெரியவர்கள் சொல்லிச் சிரிப்பார்கள். எங்கள் விஷயத்தில் நாட்டுக்கு நிறையவே போனது.

குலுக்கல் முடிவு வந்ததும் அப்பா சீட்டுகளைத் திண்ணையில் வரிசையாக வைத்து, ஆள்காட்டி விரலால் முடிவுத்தாளில் மேலிருந்து கீழே வருவார். கடைசியில் ஒரு 'ச்ச்' சத்தம். "ஒரு நம்பர்ல போச்சு, பாத்தியா." எனக்கும் காட்டுவார். உண்மைதான், தாளில் 4837 இருக்கும், கையில் 4827. அம்மா அடுக்களையிலிருந்தே, "உங்களுக்கு மட்டும் எப்பவும் ஒரு நம்பர்ல எப்படிதான் போவுமோ" என்பாள். சின்ன வயதில் எனக்கு அதில் ஒரு பெருமைகூட இருந்தது. மற்றவர்களுக்கெல்லாம் மொத்தமாகப் போகிறது, எங்கள் அப்பாவுக்கு ஒரே ஒரு நம்பரில் போகிறது. பக்கத்தில் வந்துவிட்டோம், அடுத்த வாரம் விழும்.

2003 ஜனவரியில் தமிழ்நாட்டில் லாட்டரியை ஒரேயடியாகத் தடை செய்தார்கள். அம்மா இசக்கியம்மனுக்குப் பொங்கல் வைத்தாள். ஒரு மாதம் நிம்மதி. அப்புறம் அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் ஆரியங்காவு ஐயப்பனைப் பார்க்கப் போக ஆரம்பித்தார். புளியரை தாண்டி, கோட்டைவாசல் தாண்டி, மலைக்கு அந்தப் பக்கம் கேரளா. மீட்டர்கேஜ் ரயில் ஓடிய காலம், ஆனந்தமான பயணம். பக்தி ஏன் இப்படி திடீரென்று முற்றியது என்று எங்களுக்குப் புரிய இரண்டு மாதம் ஆனது. 1967-லேயே அரசு லாட்டரித் துறையை உண்டாக்கிய மாநிலம் அது. கோயிலுக்குப் போகும் வழியெல்லாம் கடை.

சரி, அந்த 'ஒரு நம்பர்' விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு வேலையாக ஆரியங்காவு போனபோது கேரள லாட்டரியின் முடிவுத்தாள் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தேன். கடைக்காரர் சீட்டு வாங்காமல் தாள் மட்டும் கேட்கிறாளே என்று ஒரு மாதிரி பார்த்தார். முதல் பரிசுக்கு எழுத்து வரிசையும் ஆறு இலக்கமும் முழுசாகப் பொருந்த வேண்டும். சிறு பரிசுகளுக்குக் கடைசி நான்கு இலக்கம் போதும். இப்படி நான்கு இலக்க எண்கள் மட்டும் அந்த ஒரே தாளில் இருநூறுக்கு மேல்.

டிப்போவில் மத்தியானம் வேலை குறைவு. கால்குலேட்டரை எடுத்தேன். ஒரு நான்கு இலக்க எண்ணில் ஒரே ஒரு இலக்கத்தை மட்டும் மாற்றினால் எத்தனை எண் கிடைக்கும்? நான்கு இடம், ஒவ்வோர் இடத்திலும் மாற்று ஒன்பது, ஆக 36. அதாவது ஒவ்வொரு பரிசு எண்ணைச் சுற்றியும் 'ஒரு நம்பர்ல போன' எண்கள் 36. இருநூறு பரிசு எண்ணுக்கு 7,200. மொத்தம் இருப்பதே 0000-லிருந்து 9999 வரை பத்தாயிரம். ஒன்றின் மேல் ஒன்று விழுவதையெல்லாம் கழித்தாலும் பாதிச் சீட்டு அதில் அடங்கிவிடுகிறது. ஆக, ஒவ்வொரு குலுக்கலிலும் சீட்டு வாங்கியவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் தங்கள் வீட்டுத் திண்ணையில் "ஒரு நம்பர்ல போச்சு" என்று சொல்லலாம். ஒருவரும் பொய் சொல்லவில்லை. அப்பா வாங்கியது ஐந்து சீட்டு. ஐந்தில் ஒன்றுகூட அப்படி அமையாமல் போவதுதான் அதிசயம், நூறு குலுக்கலில் மூன்று தடவை.

இதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு அழுகை வந்தது. அம்மா கேட்ட கேள்விக்குப் பதில் முப்பது வருடம் கழித்துக் கிடைத்திருக்கிறது. அந்தத் தாளில் இன்னொன்றும் உண்டு. முதல் பரிசு எண்ணே உங்களிடம் இருந்து, எழுத்து வரிசை மட்டும் மாறியிருந்தால் ஆறுதல் பரிசு தருகிறார்கள். பக்கத்தில் வந்ததற்கே பணம்!

பக்கத்தில் வந்து தோற்பதை மூளை எப்படி எடுத்துக்கொள்கிறது என்று 2009-இல் லூக் கிளார்க் என்பவரும் அவருடைய குழுவும் கேம்பிரிட்ஜில் சோதித்திருக்கிறார்கள். ஆட்களை ஸ்கேன் இயந்திரத்துக்குள் படுக்கவைத்து, சின்னச் சூதாட்ட இயந்திரம் போன்ற ஒரு விளையாட்டைத் திரையில் காட்டினார்கள். படம் ஒரு கட்டம் தள்ளி நின்று தோற்றபோது, ஜெயிக்கும்போது வேலை செய்யும் மூளைப் பகுதிகளே வேலை செய்தன. ஆடியவர்களைக் கேட்டால், சுத்தமாகத் தோற்பதைவிட இது எரிச்சலாக இருக்கிறது என்றார்கள். கூடவே, இன்னொரு ஆட்டம் ஆடத் தோன்றுகிறது என்றும் சொன்னார்கள். அதிலும், படத்தைத் தாங்களே தேர்ந்தெடுத்த சுற்றுகளில்தான் அந்த ஆசை. பின்னால் வேறு சிலர் சோதித்துவிட்டு, பக்கத்தில் வந்து தோற்றதால் மட்டும் ஆட்கள் அதிக நேரம் ஆடிவிடுவதில்லை என்றும் எழுதியிருக்கிறார்கள். ஆராய்ச்சிக்காரர்களுக்குள் அது தீராத வழக்கு. எங்கள் வீட்டுத் திண்ணையைப் பொறுத்தவரை எனக்குச் சந்தேகமில்லை.

தாங்களே தேர்ந்தெடுத்தது என்றேன் அல்லவா, அதற்கு இன்னும் பழைய சோதனை ஒன்று இருக்கிறது. 1975-இல் எலன் லாங்கர் என்ற அமெரிக்கப் பெண்மணி அலுவலகங்களில் ஒரு டாலர் சீட்டு விற்கவைத்தார். பாதிப்பேருக்குக் கையில் கொடுத்தது சீட்டு, மீதிப்பேர் தாங்களே பொறுக்கி எடுத்தார்கள். குலுக்கலுக்கு முன் அதைத் திருப்பி விற்கிறீர்களா என்று கேட்டபோது, கொடுத்ததை வாங்கியவர்கள் சராசரியாக 1.96 டாலர் கேட்டார்கள். பொறுக்கி எடுத்தவர்கள் 8.67 டாலர். ஆரியங்காவுக் கடையில் அப்பா லாட்டரிச் சீட்டுக் கட்டை வாங்கிப் பத்து நிமிஷம் புரட்டுவார். கூட்டுத்தொகை ஐந்து வர வேண்டும், கடைசியில் சைபர் இருக்கக் கூடாது. மில்லில் பலகை தேர்ந்தெடுக்கும்போதுகூட அவ்வளவு நிதானம் கிடையாது.

இப்போது தம்பி. லோடு வண்டி ஓட்டுகிறான். 2020 ஊரடங்கில் வண்டி வாசலில் நின்றது. சும்மா கிடந்த கைக்கு ரம்மி வந்தது. செயலியின் பெயர் எதற்கு, எல்லாம் ஒன்றுதான். சேர்ந்தவுடன் போனஸ் போட்டார்கள். அவனுடைய வங்கிக் கணக்கின் ஸ்டேட்மென்டை நான் மருத்துவருக்காக அச்செடுத்தேன். அதைப் பார்த்தாலே தமிழ்நாட்டுச் சட்ட வரலாறு தெரிந்துவிடும். 2020 நவம்பரில் காசு வைத்து ஆடும் இணைய ஆட்டங்களுக்குத் தடை போட்டு அவசரச் சட்டம், ஸ்டேட்மென்டில் ரம்மிக்குப் பணம் போன பதிவுகள் நிற்கின்றன. 2021 ஆகஸ்ட் 3-ஆம் தேதி உயர் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்கிறது. அதே மாதம் மூன்றாவது வாரத்தில் 500 ரூபாய், 500 ரூபாய், 1,000 ரூபாய். அப்புறம் பக்கம் பக்கமாக.

2022 ஏப்ரலில் கூட்டிப் பார்த்தால் 5,12,000. ஒன்பது மாதம். அப்பா முப்பது வருடத்தில் விட்டதை எப்படித் தாராளமாகக் கணக்குப் போட்டாலும் ஒன்றரை லட்சத்தைத் தாண்டாது.

இருவருக்கும் ஏன் இவ்வளவு வித்தியாசம்? தம்பி அப்பாவைவிட மோசமானவன் என்று சொந்தக்காரர்கள் எளிதாகச் சொல்லிவிட்டார்கள். ஆராய்ச்சியில் இதற்கு நேரான பதில் இருக்கிறது. ஒரு பந்தயம் கட்டியதற்கும் அடுத்த பந்தயம் கட்டுவதற்கும் நடுவே எவ்வளவு நேரம் என்பதுதான் ஓர் ஆட்டம் எவ்வளவு ஆபத்தானது என்பதைப் பெரிய அளவில் தீர்மானிக்கிறது. வாரக் குலுக்கல் மெதுவானது. சீட்டு வாங்கி, தூங்கி எழுந்து, வேலைக்குப் போய், பிள்ளைகளைத் திட்டி, அப்புறம்தான் முடிவு. நடுவில் சுரண்டல் லாட்டரி வந்தபோது அப்பாவே கொஞ்சம் ஆடிப்போனார். கடை வாசலில் நின்று காசால் சுரண்டி, கீழே போட்டு, அடுத்தது வாங்கி என்று ஒரே நாளில் கூலி முழுவதும் போன சனிக்கிழமை ஒன்று எனக்கு நினைவிருக்கிறது. தம்பியின் பாயின்ட் ரம்மியில் ஓர் ஆட்டத்துக்கு இரண்டு, மூன்று நிமிஷம். பதின்மூன்று கார்டு, பிடிக்கவில்லையென்றால் ஆரம்பத்திலேயே விட்டுவிடலாம், அந்த முதல் டிராப்புக்கு 20 பாயின்ட் நஷ்டம், நடுவில் விட்டால் 40, முழுசாகத் தோற்றால் 80. ராத்திரி பதினொன்றிலிருந்து நாலு மணி வரை நூறு ஆட்டம் ஓடும். அப்பாவுக்கு இரண்டு வருடச் சனிக்கிழமைகள் தம்பிக்கு ஒரே ராத்திரி.

நார்வேயில் 2007 ஜூலையில் கடைகளில் இருந்த சூதாட்ட இயந்திரங்களை மொத்தமாக எடுத்துவிட்டார்கள். ஆட்கள் வேறு ஆட்டத்துக்குப் போய்விடுவார்கள் என்ற பேச்சு அங்கும் இருந்தது. கொஞ்சம் பேர் போனார்கள்தான், ஆனால் உதவி எண்ணுக்கு வரும் அழைப்புகள் குறைந்தன. வேகமான ஆட்டத்தை எடுத்தால் குறைகிறது. ஆளின் ஒழுக்கம் ஒரே மாதத்தில் மாறியிருக்காது இல்லையா.

ரம்மி திறமை ஆட்டம் என்பது தம்பியின் வாதம். அவன் ஒருவனின் வாதமல்ல, உச்ச நீதிமன்றமே ஆந்திர வழக்கு ஒன்றில் ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்தது என்று சொல்லியிருக்கிறது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றமும் அதையொட்டித்தான், தமிழ்நாடு மறுபடி கொண்டுவந்த தடைச் சட்டம் செல்லும், ஆனால் ரம்மிக்கும் போக்கருக்கும் பொருந்தாது என்றது. இருக்கட்டும். திறமை ஆட்டமா, அதிர்ஷ்ட ஆட்டமா என்பது நீதிபதிக்கு முக்கியம். ராத்திரி மூன்று மணிக்கு, "ஒரு கார்டு வந்திருந்தா டிக்ளேர் அடிச்சிருப்பேங்கா" என்று சொல்பவனுக்கு அந்தத் 'திறமை' என்ற சொல்லே விஷம். அப்பாவுக்காவது நம்பர் மேல் பழி போட முடிந்தது. இவனுக்கு இன்னும் நல்லா ஆடினால் விட்டதைப் பிடித்துவிடலாம்.

விட்டதைப் பிடிப்பது. ஹென்றி லெசியர் என்ற சமூகவியலாளர் 1970-களில் சூதாடிகளோடு பேசிப் பேசி, இந்த ஒன்றைத்தான் எல்லாவற்றுக்கும் நடுவில் வைத்தார். கேள்வித்தாளின் மூன்றாவது கேள்வியும் இதுதான்: தோற்ற பணத்தைப் பிடிக்க இன்னொரு நாள் திரும்பப் போனீர்களா? நம்மூரில் சீட்டுக் கச்சேரி பக்கம் போன யாரும் சொல்லும் வார்த்தை. (இந்த இடத்தில் தருமரை இழுக்காமல் சூதாட்டத்தைப் பற்றி யாரும் எழுதியதில்லை. நான் இழுக்கவில்லை.)

என்னைத் தூங்கவிடாமல் செய்தது வேறு ஒன்று. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய்க் கையேட்டில் சூதாட்டம் 1980-லேயே ஏறிவிட்டது. 2013 பதிப்பில் அதை மது, போதைப் பொருள் அடிமைத்தனங்களோடு சேர்த்தார்கள். ஒன்பது அறிகுறிகள், ஒரு வருடத்தில் நான்கு இருந்தால் நோய். எட்டு வரைக்கும் படித்துத் தலையாட்டிக்கொண்டே வந்தேன். பொய் சொல்வது, சரி. நிறுத்த முயன்று தோற்பது, சரி. ஒன்பதாவது: சூதாட்டத்தால் வந்த பண நெருக்கடியைத் தீர்க்க மற்றவர்கள் தரும் பணத்தை நம்பி இருப்பது.

மற்றவர்கள் என்றால் நான்தான்.

முதல் தடவை ஏலச்சீட்டை எடுத்து 60,000 கொடுத்தேன். இரண்டாவது தடவை வளையல். மூன்றாவது தடவை தாலிச்செயின், வீட்டுக்காரரிடம் பாலிஷ் போடக் கொடுத்திருக்கிறேன் என்று சொல்லி. அவன் பொய் சொன்னான் என்று எழுதுகிறேன், நானும்தான் சொன்னேன். ஸ்டேட்மென்டில் நான் பணம் போட்ட தேதிகளைப் பென்சிலால் வட்டமிட்டேன். முதல் வட்டத்துக்கு அடுத்த ஆட்டம் பதினோரு நாளில். இரண்டாவது வட்டத்துக்கு ஆறு நாள். மூன்றாவதுக்கு அடுத்த ஆட்டம் அன்றைக்கே, சாயங்காலம் 6.40-க்கு. கடன்காரனுக்குப் போக 8,000 மிச்சம் இருந்திருக்கிறது. கடனை அடைத்துத் தம்பியைக் காப்பாற்றினேன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது அந்தக் கையேட்டில் அவனுடைய நோயின் அறிகுறியாக அச்சாகியிருக்கிறது. மருத்துவர் இதை ஏன் அன்றைக்கே என்னிடம் சொல்லவில்லை என்று கோபம் வந்தது. சொல்லியிருந்தால் கேட்டிருப்பேனா என்பது வேறு.

2017-இல் ஆஸ்திரேலியாவில் ஒரு கணக்கு எடுத்தார்கள். கடுமையான சூதாட்டப் பிரச்சினை உள்ள ஒருவர் சராசரியாக இன்னும் ஆறு பேரைப் பாதிக்கிறார் என்று. தம்பி மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா, நான், என் வீட்டுக்காரர். சராசரி இவ்வளவு கச்சிதமாக ஒரு வீட்டில் உட்காரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எர்ணாகுளம் பக்கம் 58 கல்லூரிகளில் எடுத்து 2016-இல் வெளியான ஆய்வு ஒன்றும் கிடைத்தது. ஐயாயிரத்துச் சொச்சம் மாணவர்கள், 7.4 சதவீதம் பேருக்குச் சூதாட்டப் பிரச்சினை. அதிகம் பேர் ஆடியது லாட்டரி. நம்மூர்ப் பிள்ளைகளைப் பற்றி இப்படி ஒன்று கிடைக்காதா என்று தேடிக்கொண்டேயிருக்கிறேன்.

அம்மாவுக்கு இதெல்லாம் தேவையில்லை. "அப்பன் ரத்தம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். அவள் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை உண்டு. இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகளில் பாதியளவு பரம்பரை என்றுதான் வருகிறது. மீதிப் பாதிக்கு நான் அவளிடம் பார்க்கின்சன் கதையைச் சொன்னேன். 2005-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கிலிருந்து 11 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். கைநடுக்கத்துக்கு மாத்திரை சாப்பிடத் தொடங்கியபின் சூதாட்டப் பைத்தியம் பிடித்தவர்கள். மூளையில் டோபமைன் வேலையைச் செய்யும் மாத்திரை அது. நிறுத்தியதும் பலருக்குப் பைத்தியமும் போய்விட்டது. அம்மா கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ உங்கப்பாவுக்கும் ஒரு மாத்திரை இருந்திருக்குமோ?" என்றாள். இதற்கென்றே ஒப்புதல் பெற்ற மாத்திரை இன்றைக்கும் இல்லை, பேச்சு சிகிச்சைதான் முக்கியம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "இருந்திருக்கும்மா" என்றேன்.

தம்பி மாதம் ஒருமுறை திருநெல்வேலி போகிறான். நடுவில் போக முடியாத மாதங்களில் அரசின் மனநல உதவி எண் 14416-க்குப் பேசச் சொன்னேன், இரண்டு தடவை பேசினான். 2024 பொங்கல் சமயம் ஒருமுறை விழுந்தான், 22,000. அந்தத் தடவை நான் கொடுக்கவில்லை. அவனே வண்டி ஓட்டி எட்டு மாதத்தில் அடைத்தான். அவன் மனைவி, "மதினி, கல்லு மனசு உங்களுக்கு" என்று இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. 2025 ஆகஸ்டில் மத்திய அரசு காசு வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளுக்கெல்லாம் தடை கொண்டுவந்தபோது, செயலியைத் திறந்து காட்டினான், காசு கட்டும் பகுதி இல்லை. "நிம்மதியா இருக்குக்கா" என்றான். மறுவாரமே, மூணு நம்பர் லாட்டரி எழுதும் ஆள் ஒருத்தன் லோடு வண்டி ஸ்டாண்டுக்கு வந்து போகிறான் என்றும் அவனேதான் சொன்னான். கேரளக் குலுக்கலின் கடைசி மூன்று இலக்கத்தை வைத்து ஆடுவது. ரசீது கிடையாது, தாளில் எழுதித் தருவான். தம்பி அதை என்னிடம் சொன்னதே பெரிய விஷயம் என்றார் மருத்துவர்.

போன வியாழக்கிழமை டிப்போ வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு வந்தான். "அக்கா, டீசலுக்கு ஐநூறு இருக்கா, சனிக்கிழமை தந்திருதேன்." பர்ஸில் இருந்தது. எடுத்துக் கொடுக்கக் கை போனது. அப்புறம் பேரேட்டை மூடி வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, வண்டியில் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தேன்.

"எங்கக்கா?"

"பங்க்குக்கு. நானே போட்டு விடுதேன்."

ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு என்னையே கொஞ்சநேரம் பார்த்தான். பிறகு வண்டியை எடுத்தான். ரயில்வே கேட் மூடியிருந்தது, பத்து நிமிஷம் நின்றோம். இரண்டு பேரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை.